விளக்கேற்றுவதற்கு முன் ஆடிய ஆட்டம்

எங்கள் விளையாட்டுக் கழகம் எப்படித் தொடங்கியது என்று மேடையில் பேசுகிற எல்லாரும் பொய்தான் சொல்கிறார்கள். பாரம்பரியத்தைக் காக்கத் தொடங்கினார்களாம். அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கத் தொடங்கினார்களாம். நான் அங்கே இருந்தவள். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய ஒன்றுமில்லாத எட்டு ஆண்கள் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வரும் எனக்குச் சோபாவில் இருக்க இடம் கிடையாது. ஒரு நாள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "எங்கையாவது போய் ஓடித் துலையுங்கோ" என்று கத்தினேன். போய் ஓடினார்கள். அதுதான் தொடக்கம்.

ஓடியது பக்கத்துப் பூங்காவில். ஆடியது கிளித்தட்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நெடுக ஒரு கோடு, குறுக்கே ஐந்து கோடு. ஒரு அணி கோடுகளில் நின்று மறிக்கும். மற்ற அணி எல்லாக் கோடுகளையும் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். மறிக்கிறவர்கள் தங்கள் கோட்டை விட்டுக் கால் எடுக்கக்கூடாது. கிளி என்கிற ஒருவருக்கு மட்டும் எல்லாக் கோட்டிலும் ஓட உரிமை உண்டு. கை பட்டால் அணிகள் இடம் மாறும். படாமல் ஒருவர் திரும்பி வந்தால் ஒரு புள்ளி. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். கோடு மட்டும் வேண்டும்.

அந்தக் கோட்டிலேயே முதல் முட்டாள்தனம். கட்டட வேலை செய்கிற ஒருவர் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள் கொண்டுவந்தார். நகரசபையின் புல்லில் அழகாகக் கோடு போட்டார்கள். அடுத்த ஞாயிறு போனபோது சுண்ணாம்பு இல்லை, புல்லும் இல்லை. மஞ்சளாகக் கருகிய கிளித்தட்டு மட்டும் அச்சடித்ததுபோலக் கிடந்தது. டிராமில் போகும்போதே தெரியும். எட்டு ஆண்களும் பூங்காப் பக்கம் போகாமல் ஒளித்துத் திரிந்தார்கள். நகரசபைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியது நான். பதில் கடிதத்தில், பதிவு செய்த சங்கமாக இருந்தால் மண்டபம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கண்டுபிடித்து மொழிபெயர்த்ததும் நான்தான்.

சங்கம் பதிய ஒரு கூட்டம் வைத்தார்கள். வயதில் மூத்த அண்ணையைத் தலைவராக்கினார்கள். அவர் பேருந்துக்குக்கூட ஓடியதை நான் பார்த்ததில்லை. இரண்டு காப்பாளர்கள், மூன்று ஆலோசகர்கள். என்னத்தைக் காத்தார்கள், என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் கணவர் செயலாளர். தமிழில் கூட்ட அறிக்கை எழுதுவது அவர் வேலை. ஜெர்மன் கடிதம், அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், அலுவலகச் சந்திப்புக்கு டெர்மின் எடுப்பது எல்லாம் நான். எனக்குப் பதவி இல்லை.

மண்டபத்துக்கான அன்ட்ராக்கில் ஒரு கேள்வி இருந்தது: பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர்? பெண்கள் இருந்தால் மண்டபம் கிடைக்கிற வாய்ப்பு கூட என்று அலுவலகத்தில் இருந்த பெண்மணி எனக்குச் சொல்லியிருந்தார். தலைவர் அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எல்லாற்ற மனுசிமாரையும் போடுங்கோ தங்கச்சி. கனக்கப் போடுங்கோ."

"போட்டா விளையாடுவம், அண்ணை."

"அதுக்கென்ன, விளையாடுங்கோவன்" என்று சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்.

மண்டபம் கிடைத்தது. புதன்கிழமைதோறும் இரண்டு மணித்தியாலம். முதல் புதனே ஏழு பெண்கள் போய் நின்றோம். பேக்கரியில் வேலை செய்யும் அக்கா சேலைக்குள் காற்சட்டை போட்டு வந்தவர், மண்டபத்துக்குள் வந்ததும் சேலையை உரிந்து மடித்து வாங்குப் பலகையில் வைத்தார். அவரைப்போல ஓடுகிற ஒருவர் ஆண்களிலும் இல்லை. ஆண்கள் முகத்தைச் சுழித்தார்கள். ஆனால் பெயர் கொடுத்தாயிற்று, துரத்த முடியாது. கடைசி அரை மணித்தியாலத்தை எங்களுக்குத் தந்தார்கள். அந்த அரை மணித்தியாலத்திலும் பத்து நிமிடம் கோடு உரிக்கப் போய்விடும். மண்டபத் தரையில் கோட்டுக்கு நாடா ஒட்டுவோம். போகும்போது அதை உரித்து, பசையைச் சுரண்டித் துடைக்க வேண்டும். இது மண்டபத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டரின் சட்டம். ஒட்டுவது ஆண்கள். முழங்காலில் நின்று சுரண்டுவது நாங்கள்.

கழகம் வளர்ந்தது. அதை நான் மறுக்கவில்லை. சீருடை வந்தது. மற்ற நகரங்களிலும் கழகங்கள் முளைத்தன. எங்கள் மண்டபத்தில் ஆண்டுக்கு ஒரு சுற்றுப்போட்டி வைத்தோம். பெரிய மண்டபம், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை. கொத்துரொட்டிக் கடை, ஒலிவாங்கி, வெற்றிக்கிண்ணம், எல்லாம் இருக்கும். பெண்கள் ஆட்டமும் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். கடைசி வரியில் இருக்கும்.

ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் அடிப்பார்கள். எங்கள் ஆட்கள் பதினொரு மணிக்கு வருவார்கள். பிறகு மங்கள விளக்கேற்றல். ஐந்து திரிக்கு ஒன்பது பேரை அழைப்பார்கள், ஒருவரை விட்டால் அவர் ஒரு வருடம் பேசமாட்டார். பிறகு இறந்தவர்களுக்காக அகவணக்கம். வரவேற்புரை. வரவேற்பு நடனம். தலைமையுரை. ஆசியுரை. சிறப்பு விருந்தினர் உரை. கிளித்தட்டின் அருமையைப் பற்றி ஒருவர் முக்கால் மணித்தியாலம் பேசுவார், பின்னால் கிளித்தட்டு ஆட வந்தவர்கள் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு மணிக்குப் பிறகுதான் முதல் ஆட்டம். ஆண்கள் இறுதியாட்டம் முடிய நாலே முக்கால். அப்போதுதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

ஹவுஸ்மைஸ்டர் தடித்த ஆள், ஜெர்மன்காரன். ஐந்து மணி என்றால் ஐந்து மணி. கூரை விளக்குகளை வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டு வருவான். முடிந்தது என்பதற்கு "ஷ்லுஸ்" என்ற ஒரு சொல்தான். முதல் வருடம் கோட்டுக்குப் போய் நிற்கவே விளக்குப் போனது. இரண்டாம் வருடம் ஒரு புள்ளி எடுத்தோம், அதோடு சரி. மூன்றாம் வருடம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஹம்பேர்க்கிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்தது. வாடகைக்கு வான் பிடித்து, கணவன்மாரோடு சண்டை பிடித்து, பிள்ளைகளை யார் யாரிடமோ விட்டுவிட்டு விடியப் புறப்பட்டு வந்தவர்கள். சீருடையோடு பகல் முழுக்க வாங்கில் இருந்தார்கள். நாலு ஐம்பதுக்குத் தலைவர் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். "நேரமின்மை காரணமாக மகளிர் ஆட்டம் இடம்பெறாது என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம்." பிறகு பரிசளிப்பு.

ஹம்பேர்க் அணியின் தலைவி குள்ளமான பெண். தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறவள். என்னிடம் வந்தாள்.

"அக்கா, நாங்கள் உங்கட கொத்துரொட்டி தின்னவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

நான் குனிந்து நாடாவை உரித்தேன்.

அன்றே முடிவெடுத்தேன். அடுத்த வருடம் எங்கள் ஆட்டம் ஒன்றாவது முடிவு வரைக்கும் நடக்கவேண்டும். யார் வென்றது, யார் தோற்றது என்று தெரியவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்தது, உலகக் கிண்ண உதைபந்தாட்டம் இங்கே நடந்த வருடம். நிரல் தயாரிக்கிற கூட்டத்தில், பெண்கள் ஆட்டத்தை முதலில் வையுங்கள் என்று கேட்டேன். தலைவர் அண்ணை, "விளக்கேத்தின கையோட பொம்பிளையளின்ர ஆட்டம் வைச்சா பாக்கிற சனம் சேரமுதல் முடிஞ்சிடும் தங்கச்சி, உங்களுக்குத்தானே மரியாதையில்லை" என்றார். எங்கள் மரியாதைக்காகத்தான் எங்களைக் கடைசியில் போட்டாராம். என் கணவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்கு வந்து ஹம்பேர்க்குக்குத் தொலைபேசி எடுத்தேன். "வெள்ளிக்கிழமையே வந்து நில்லுங்கோ" என்றேன். ஏழு பேரும் எங்கள் வரவேற்பறையில் படுத்தார்கள். சனி காலை எட்டே முக்காலுக்கு மண்டப வாசலில் பதினாலு பெண்கள் நின்றோம். ஹவுஸ்மைஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். தமிழர் நேரத்துக்கு முன்னால் வந்ததை அவன் அதுவரை கண்டதில்லை.

நாடாவை நாங்களே ஒட்டினோம். நடுவர் இல்லை. கொத்துரொட்டிக்காரர்கூட வரவில்லை. பேக்கரி அக்கா ஹவுஸ்மைஸ்டரைக் காட்டினார்.

"உவன் நாலு வருசமா நிண்டு பாக்கிறான். உவனுக்குத் தெரியாத சட்டமோ?"

கேட்டேன். கோட்டை விட்டுக் கால் எடுத்தால் பிழை, கை பட்டால் மாற்றம், மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி என்று அவனே ஒப்புவித்தான். தலைவர் அண்ணையைக் கேட்டிருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விசில் எடுத்து வந்தான்.

நான் கிளி. ஒன்பதரைக்குத் தொடங்கினோம். கைதட்ட ஆளில்லை. சப்பாத்துக் கீச்சிடுவதும் மூச்சும் எங்கள் திட்டும்தான் மண்டபத்தில். "அக்கா, வயசு போட்டுது, இருங்கோ" என்று ஹம்பேர்க் குள்ளி என்னைச் சீண்டினாள். "வாடி, வந்து பார்" என்றேன். பேக்கரி அக்கா இரண்டு முறை போய்த் திரும்பினார். அவர்களும் இரண்டு எடுத்தார்கள். கடைசியில் குள்ளி மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவள் தாண்டக் கடைசியாக மிஞ்சிய முதல் கோட்டில் எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கை தூரம். இடப்பக்கம் சாய்ந்தாள், நான் அந்தப் பக்கம் பாய்ந்து விழுந்தேன், அவள் வலப்பக்கத்தால் போனாள். ஹவுஸ்மைஸ்டர் விசில் அடித்தான். மூன்றுக்கு இரண்டு. நாங்கள் தோற்றோம்.

எனக்கு விசர் பிடித்தது. மூன்று வருடம் காத்திருந்து, நான் விட்ட பிழையால் தோற்றோம். ஆனால் தரையில் கிடந்தபடியே ஒன்றை யோசித்தேன்: இது முடிந்த ஆட்டம். விளக்கு அணையவில்லை. யாரும் மனவருத்தத்துடன் அறியத்தரவில்லை.

பத்தே முக்காலுக்குத் தலைவர் அண்ணை குத்துவிளக்கைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிப்பிடித்தபடி வந்தார். வியர்த்துக் களைத்து வாங்கில் இருந்த எங்களைப் பார்த்தார்.

"என்ன பிள்ளையள், பயிற்சியோ?"

"ஆட்டம் முடிஞ்சுது அண்ணை. ஹம்பேர்க் வெண்டிட்டினம்."

"விளக்கேத்தாமல் ஆட்டமோ? கொடி ஏத்தேல்லை, அகவணக்கம் இல்லை. உது எப்பிடி ஆட்டமாகும்?"

"விளக்கேத்தினாப் பிறகு எங்களுக்கு எப்ப அண்ணை ஆட்டம் நடந்தது?" என்று பேக்கரி அக்கா கேட்டார். தலைவர் அண்ணை விளக்கை மேசையில் வைத்துவிட்டு எண்ணெய் தேடினார்.

அந்த நாள் வழமைபோல நடந்தது. பேச்சுகள் நடந்தன. ஐந்து மணிக்கு விளக்கு அணைந்தது. ஒலிவாங்கியில் எங்கள் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

அடுத்த ஞாயிறு நிர்வாகக் கூட்டம், எங்கள் வீட்டில். தேநீர் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகாமல் நானும் உட்கார்ந்தேன். என் கணவர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ஆண்கள் முடிவுகளை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மகளிர் ஆட்டம்?"

தலைவர் அண்ணை தேநீரை உறிஞ்சினார். "நேரமின்மை காரணமாக இடம்பெறவில்லை எண்டு எழுதும்."

"நடந்தது" என்றேன்.

"தங்கச்சி, உங்களுக்காண்டித்தான் சொல்லுறன். நடந்ததெண்டு எழுதினா எங்கட கழகம் தோத்ததெண்டும் எழுதவேணும். எங்கட மண்டபத்தில, எங்கட போட்டியில. அதுவும் நீங்கள் கிளி நிண்டு. ஊரெல்லாம் வாசிக்கும். நடக்கேல்லை எண்டா ஒருத்தரும் தோக்கேல்லை."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நல்ல யோசனை என்று ஒரு காப்பாளர் சொன்னார். அவர் வாயைத் திறந்து நான் கேட்ட முதல் வசனம் அதுதான்.

மூன்று வருடம் எங்கள் ஆட்டத்தை நடக்க விடவில்லை. நடந்த ஒன்றையும் நடக்கவில்லை என்று எழுதப் பார்க்கிறார்கள், அதையும் எனக்குச் செய்கிற உதவியாக.

"நான் தோத்தனான்" என்றேன். "கடைசிக் கோட்டில நான்தான் விட்டனான். எழுதுங்கோ."

"பிள்ளை, கோவிக்காதையும்."

"அந்தப் பிள்ளையள் ரெண்டு முறை ஹம்பேர்க்கில இருந்து வந்தவை. வெண்டவை. அவையின்ர வெற்றியை நீங்கள் ஆர் எடுக்க? எழுதாட்டி அடுத்த வருச அன்ட்ராக்கை நீங்களே எழுதுங்கோ. பெண்கள் எத்தினை பேர் எண்டு கேப்பினம். ஒருத்தருமில்லை எண்டு நீங்களே போடுங்கோ."

என் கணவர் தலைவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதினாறு வருடம் என்னோடு வாழ்ந்தவர், எந்தக் கோபம் அடங்கும், எது அடங்காது என்று தெரிந்தவர். குனிந்து எழுதத் தொடங்கினார். நான் எழும்பிப் போய் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன்.

"மகளிர் நட்பு ஆட்டம்" என்று எழுதியிருந்தார்.

"நட்பு ஒண்டும் இல்லை" என்றேன். "அதை வெட்டுங்கோ."

வெட்டினார். ஹம்பேர்க் மூன்று, நாங்கள் இரண்டு என்று எழுதினார். தலைவர் அண்ணை கையொப்பம் வைக்கும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.