குருவி லென்ஸில் அம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் செத்தவர்கள் எல்லோரும் ஒரே கடற்கரையில்தான் நிற்கிறார்கள். பசறையில் இருக்கும் என் ஸ்டூடியோவின் திரையில் வரைந்த கடல் அது. இரண்டு தென்னை, ஒரு படகு, சாயம் போன வானம். கடலைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆளெல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிறகு காலமாகி, பொட்டும் மாலையுமாக லயத்து வீட்டுச் சுவரில் ஏறிவிடுவார்கள். என் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பின்னால் நிற்கிற அதே படகு தனக்குப் பின்னாலும் நிற்கக்கூடாதாம். நிஜக் கடல் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்றாள். நோய் நொடி இல்லாமல் சாவுப்படத்துக்கு இப்படி அவசரப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை.

எனக்குக் கடல் என்றால் பறவைதான். கல்யாணம், சடங்கு, சாவு என்று மனுஷ மூஞ்சியையே எடுத்து எடுத்துச் சலித்துப்போனவன் நான். எந்த உப்புக்கொத்திக் குருவியும் என்னிடம் வந்து கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடு என்று கேட்டதில்லை.

மாசி மாதம் எங்கள் லயத்துப் பெண்கள் பஸ் பிடித்து உகந்தை முருகனைக் கும்பிடக் கிளம்பினார்கள். போகிற வழியில் பொத்துவில் கடற்கரையில் இரண்டு மணி நேரம் நிற்பதாகப் பேச்சு. நானும் ஏறிக்கொண்டேன். பதுளையில் ஒரு நண்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிய நீள லென்ஸ், துண்டில் சுற்றிய பச்சைப்பிள்ளை மாதிரி என் மடியில் கிடந்தது. மொனராகலை வரைக்கும் வளைவுக்கு ஒருத்தி வாந்தி எடுத்தாள். லென்ஸில் ஒரு துளி பட விடவில்லை. ஆட்களை எடுக்கிற லென்ஸை அன்றைக்கு ஒரு சடங்கு வீட்டில் படம் எடுக்க என் மனைவி கொண்டுபோயிருந்தாள். இதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

கடற்கரையில் இறங்கியதுமே கண்டுகொண்டேன். உப்புநீர்க் களப்பு கடலில் சேருகிற இடத்தில், ஈர மணலில், இருபது முப்பது உப்புக்கொத்திகள். நாலடி ஓடும், டக்கென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கொழுந்து பறித்த காலத்தில் அம்மா இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை மணலில் விரித்துக் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து ஊர்ந்து போனேன். நான் ஒரு முழம் ஊர்ந்தால் அவை ஒரு முழம் ஓடின. இதற்குள் அம்மா பஸ்ஸுக்குள்ளேயே மயில்கழுத்து நிறப் பட்டுக்கு மாறி, பவுடர் போட்டு, என் காலடியில் வந்து நின்றாள். கொஞ்சம் பொறுங்கம்மா என்றேன். இப்படிப் பொறுத்ததிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

எங்கள் மலையில் பெண்களை வேலை வாங்குகிற கங்காணி அக்காவும் பஸ்ஸில் வந்திருந்தாள். நான் மணலில் புழுவாய் நெளிவதைப் பார்க்கச் சகிக்காமல் விஷயம் என்ன என்று விசாரித்தாள். குருவி கிட்டே வரமாட்டேன் என்கிறது, அவ்வளவுதானே என்றாள். அடுத்த நிமிஷம் தேயிலை மலையில் பிடிப்பது போலவே நிரை பிடித்துவிட்டாள். இருபத்திரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு நிரை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பறவைகளை என் பக்கம் ஓட்டி வர மறுகோடியிலிருந்து நடந்து வந்தார்கள். ஒரு கொழுந்து விடாமல் பறித்துப் பழகியவர்கள், ஒரு குருவி விடாமல் கிளப்பிவிட்டார்கள். அத்தனையும் களப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான் என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள்.

டிரைவர் ஹோர்ன் அடித்து, இன்னும் அரை மணி நேரம்தான் என்றார். அம்மா மறுபடி வந்தாள். இனி மறைக்க முடியாது. இந்த லென்ஸில் கிட்ட நின்றால் மூக்கு மட்டும்தான் விழும், போனில் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

“போன்ல எடுத்த படம் சுவத்துல நிக்காதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நீதானேடா” என்றாள்.

அம்மாவைக் கடலோரம் நிறுத்திவிட்டுப் பின்னால் நடக்கத் தொடங்கினேன். நூறடிக்கு மேல் போன பிறகுதான் அவள் படத்துக்குள் அடங்கினாள். அலைச் சத்தத்தில் நான் சொல்வது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. மலையில் மேல் நிரைக்குச் சேதி போக வேண்டுமானால் ஒருத்தி வாயிலிருந்து அடுத்தவள் வாய்க்குக் கைமாறும். அதே முறையில் எங்கள் இருவருக்கும் நடுவே நாலு பேரை அக்கா நிறுத்திவைத்தாள்.

கொஞ்சம் நிமிரச் சொல்லுங்க என்று அனுப்பினேன். எதுக்குன்னு கேக்குறாங்க என்று திரும்பி வந்தது. கூனல் விழுந்தால் சுவரில் நன்றாக இருக்காது என்று அனுப்பினேன். கூனித்தானே கொழுந்து பறிச்சேன், இருந்துட்டுப் போகட்டும் என்று வந்தது. அடுத்து நான் அனுப்பியது போய்ச் சேரவே இல்லை. அம்மாவின் பொட்டு கோணலாக இருக்கிறது என்று மூன்றாமவள் தன் சொந்த அபிப்பிராயத்தைச் சேர்க்க, இல்லை நேராகத்தான் இருக்கிறது என்று இரண்டாமவள் மறுக்க, சேதி நடுவழியில் நின்று சண்டையாகிவிட்டது.

ஒரு வழியாகச் சிரிக்கச் சொல்லுங்க என்பது போய்ச் சேர்ந்தது. அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை வீட்டில் நான் பார்த்ததில்லை. ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, வலை காயப்போடும் கம்பு ஒன்றில் யாரோ சட்டையை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இங்க பாக்கச் சொல்லுங்க என்றேன். தலையை அப்படி இப்படித் திருப்பிவிட்டு மறுபடி சட்டையிடமே வந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் போகப் போகிறது, விளையாட வேண்டாமென்று சொல்லுங்கள் என்று கத்தினேன்.

இந்த முறை பதில் சத்தமாக வரவில்லை. எனக்குக் கிட்ட நின்றவள் நடந்தே வந்தாள்.

“நீ எங்க நிக்கிறேன்னு அவங்களுக்குத் தெரியலையாம் தம்பி.”

எடுத்த படத்தைக் கமராத் திரையில் பெரிதாக்கினேன். வலது கண்மணியில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. இடது கண்ணும் புகைந்திருந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில் தினமும் சோறு வாங்கித் தின்கிற மகன், நூறடி தள்ளி நின்று இரவல் லென்ஸில் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். கேவலமாக இருந்தது.

ஓடிப்போய் எப்போதிருந்து என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

“கண்ணு முழுசா வெளுக்குறதுக்குள்ள எடுத்துரலாம்னு பாத்தேன். படத்துலயாவது நான் உங்களைப் பாக்குற மாதிரி இருக்கணும்ல.”

தினமும் சாயங்காலம் என் குருவிப் படங்களைக் காட்டும்போதெல்லாம், இது நல்லா இருக்கு, அது ரொம்ப நல்லா இருக்கு என்று எப்படிச் சொன்னீர்கள் என்றேன். நீ ஆசையாக் காட்டுற, நல்லாத்தானே இருக்கும் என்றாள். பதுளை ஆஸ்பத்திரியில் இதைச் சரிசெய்துவிடலாம், திங்கட்கிழமையே போவோம் என்றேன். போவோம், முதலில் படத்தை எடு என்றாள்.

“அந்தா நிழலா ஒரு ஆளு மாதிரித் தெரியுது பாரு. அங்க போய் நில்லு. நீதான்னு நெனச்சுக்கிறேன்.”

போய் அந்தக் கம்புக்குப் பக்கத்தில் நின்றேன். கையை ஆட்டினேன். காற்றில் சட்டையும் கையை ஆட்டியது. பஸ் ஹோர்ன் விடாமல் அடித்தது. நடுவில் நின்ற நாலு பேரும் ஒதுங்கிக்கொண்டதும், களப்புக்கு அந்தப் பக்கம் போயிருந்த உப்புக்கொத்திகள் திரும்பி வந்து, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், இவ்வளவு காலத்தில் வராத அளவு கிட்டத்தில் இறங்கி ஓடத் தொடங்கின. லென்ஸைத் திருகி, ஃபோகஸை அம்மாவின் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தினேன். பறவைகள் எல்லாம் சாம்பல் புள்ளிகளாக மங்கிக் கலைந்துபோயின.

அக்கா சத்தம் போடாமல், பஸ்ஸைப் பொறுக்கச் சொல்லிக் கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். அம்மா சிரித்தாள். என்னைப் பார்த்தா, அந்தச் சட்டையைப் பார்த்தா என்று தெரியாது. எடுத்துவிட்டேன்.