டிரான்ஸ்ஃபார்மரில் வைத்த சந்தனம்

மாதவிக்கு வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. மலேசியாவில், ஷா ஆலாமில் பவர் சப்ளை தயாரிக்கும் கம்பெனியில் அவள் டிசைன் இன்ஜினியர். கிள்ளானில் மீன் வாங்கப் போகிற இடத்தில்கூட இதைச் சொல்லாமல் அம்மா நல்லம்மாள் திரும்பியதில்லை.

"உன் வேலைச் சாமான் எதையாச்சும் கொண்டா, சாமிகிட்ட வைப்போம்" என்றாள் அம்மா. மாதவி தான் முதன்முதலாக வடிவமைத்த சர்க்யூட் போர்டை கம்பெனியில் யாரிடமும் கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா அதில் இருப்பதிலேயே குண்டான சாமானாகப் பார்த்து, டிரான்ஸ்ஃபார்மருக்குத் தாராளமாகச் சந்தனம் அப்பினாள். மறுநாள் போர்டைத் திரும்பக் கொண்டுபோய் வைக்குமுன் மாதவி டிஷ்யூவால் துடைத்தாள், மேலே தெரிந்ததை மட்டும். மின்சாரம் பாயும் பக்கத்தையும் ஆள் தொடும் பக்கத்தையும் பிரிப்பது டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் இருக்கும் இடைவெளிதான். அங்கே தூசிகூட ஒட்டக்கூடாது. நான்கு வருஷம் படித்த படிப்பு அன்றைக்கு எங்கே போனதோ.

வியாழக்கிழமை வாடிக்கையாளர்கள் முன்னால் அதே போர்டில் மூவாயிரம் வோல்ட் ஏற்றிச் சோதித்தார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் படக்கென்று பொறி பறந்தது. வந்தவர்கள் குறிப்பெழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"டிசைன் பிராப்ளமா, அசெம்ப்ளி பிராப்ளமா?" என்று மேனேஜர் கார்த்திகேசு கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் போர்டைக் கையால் சோல்டர் செய்த டெக்னீஷியன் லோகன். முதல் நாளிலிருந்தே அவளைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டு, கேன்டீனில் இடம் பிடித்து வைக்கிற மனுஷன்.

"டிசைன் ஓகேதான் சார். சோல்டர் பண்ணப்ப ஒட்டுன பிசின சரியா கழுவல போல" என்றாள் மாதவி.

லோகன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "இருக்கலாம் பாஸ். என் கைத்தப்பாதான் இருக்கும்" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு வந்த முதல் எச்சரிக்கைக் கடிதம் அன்று சாயங்காலமே வந்தது.

மறுநாள் அவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றும்போது மாதவி பக்கத்தில்தான் நின்றாள். அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து, நடுவில் கருகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே..." என்றாள்.

அவர் பிரஷ்ஷை ஆல்கஹாலில் முக்கி ஒரு துளி விடாமல் கழுவினார். வேறு யார் கண்ணிலும் அது படாது. மாதவிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கேவலம், மனசின் ஒரு மூலை 'அப்பாடா' என்றது.

மூன்று வாரத்தில் வேலை நிரந்தரமானது. "நான் சந்தனம் வச்ச ராசி" என்று அம்மா கேசரி கிண்டினாள். மாதவி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். நாளைக்கு மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நேற்றும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அடுத்த போர்டு தயாரானதும் லோகன் அதைத் தட்டில் வைத்து எடுத்துவந்தார். கூடவே ஒரு தாள். போர்டைத் திருப்பி அடிப்பக்கத்தை அவளுக்குக் காட்டினார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"கழுவிட்டேன் மிஸ். பாத்துட்டு ஒரு சைன் போடுங்க."