பெட்டி பிரிக்காத இயந்திரம்

எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் பேட்ரிசியா மேலாளர் அறைக்குப் போவதில்லை. நேராகக் கேண்டீன்தான். பால் சேர்க்காத தே ஓ ஒன்று வாங்கிக்கொண்டு, கூட்டமான மேசையாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். "இங்கதான் காத்தும் வரும், கதையும் வரும்" என்பார்.

கூலாய் ஊரில் வசிப்பவர். ஐம்பத்தாறு வயது. உற்பத்தித்திறன் ஆய்வு அவர் வேலை. ஓர் ஆலையில் உற்பத்தி கூடினால், புது இயந்திரத்தால் எவ்வளவு, கூடுதல் உழைப்பு நேரத்தால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டிலும் அடங்காமல் ஒரு பங்கு மிஞ்சும். நாட்டின் மொத்த வளர்ச்சிக் கணக்கிலும் அந்த மிச்சம் உண்டு. "மெஷினும் இல்ல, ஓவர்டைமும் இல்ல, அப்புறம் எப்படிக் கூடுச்சு? அதக் கேக்கத்தான்லா எனக்குச் சம்பளம்."

இருபது வயதில் சிகாமட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் ரேடியோ பொருத்தியவர் அவர். உருகிய ஈயத்தின் வாடை, எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, கம்பெனி பஸ்ஸில் போட்டி போட்டுப் பாட்டு. அவர்கள் வரிசைக்குத் தலைவி அங்கம்மா. இடது கைக்காரப் பெண்களை ஒருநாள் அவர் ஒரே பக்கமாக மாற்றி உட்காரவைத்தார். முழங்கைகள் இடித்துக்கொள்வது நின்றது, வேலை பறந்தது. ஆண்டு விருந்தில் முதலாளி நன்றி சொன்னது புதிய கன்வேயர் பெல்ட்டுக்கு. "அங்கம்மாக்காவும் சிரிச்சுக்கிட்டே கை தட்டினாங்க. எனக்குத்தான் சோறு எறங்கல." மாலை வகுப்பில் சேர்ந்து படித்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கட்டடம் இப்போது கிடங்கு. அதைத் தாண்டும்போது காரை மெதுவாக்கிவிடுவார். "அந்த பஸ்ல இருந்த சந்தோசம் இந்தக் காடியில இல்லலா."

சென்ற ஆண்டு மூவார் ஊரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையை ஆய்வு செய்தார். மேலாளர் குணாளன், வளர்ச்சி முழுவதையும் புதிய அறுப்பு இயந்திரத்தின் பேரில் எழுதியிருந்தார். கேண்டீனில் வேறு கதை. இயந்திரம் ஓடத் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே, தொழிலாளர்கள் மரம் தேய்க்கும் மேசைகளை, நாற்காலி பொருத்தும் இடத்துக்கு அருகில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மரத்தைச் சுமந்து அலைவது குறைந்திருந்தது. பேட்ரிசியா சரிபார்த்தார். உற்பத்தி ஏறத் தொடங்கியது மேசைகளை மாற்றியபோதுதான்; இயந்திரம் அப்போது பெட்டிக்குள் இருந்தது.

"மெஷின்னே போட்டுடுங்கக்கா. போனஸ் பேச்சு வேற ஓடுது, ஆளுங்க பேர்ல எழுதினா கூடக் கேப்பாங்க" என்று குணாளன் குரலைத் தாழ்த்தினார்.

"அட, அலமாக்! அப்ப பெட்டியே பிரிக்கலயே தம்பி, உள்ள இருந்தே மரம் அறுத்துச்சா?"

குணாளன் பேட்ரிசியாவின் மேலதிகாரிகளிடம் புகார் செய்தார். பேட்ரிசியாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் ஒரு வரியையும் மாற்றவில்லை. ஆண்டிறுதியில் அந்த ஆய்வைக் காட்டித்தான் தொழிலாளர்கள் போனஸ் வாங்கினார்கள்.

பின்பு ஒருநாள், அவரிடம் வேலை பழகும் நானும் அவருடன் அந்த நாற்காலித் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ஷிப்ட் முடிந்து கூட்டம் வெளியேறிக்கொண்டிருந்தது. காவலாளி கூட்டத்தை நிறுத்தி, எங்கள் காரை முதலில் போகச் சொல்லிக் கை காட்டினார். பேட்ரிசியா இன்ஜினை அணைத்துவிட்டு, அவர்களையே முன்னால் போகும்படி சைகை காட்டி, கடைசி ஆள் வாசலைக் கடக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.