பாரத்தில் எழுதிய காய்ச்சல்

நன்றாக இருக்கிற மனிதனிடம் போய், "ஒருவேளை நீங்கள் செத்துப்போனால்" என்று பேச்சைத் தொடங்குவதுதான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் பிழைப்பு. வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் முழங்கால் வலியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்ததோ கொல்லிமலை. அந்தக் காலத்தில் மேலே போக பஸ் கிடையாது. அடிவாரத்தில் இறங்கி நடந்தே ஏற வேண்டும்.

வயதுக்கு அத்தாட்சி

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அப்படி அரியூர் நாட்டில் எனக்கு முதலில் வாய்த்தவர் சடையன். மிளகும் சாமையும் விளைவிப்பவர். மனைவி இருசாயி, இரண்டு சின்னப் பிள்ளைகள். வயது என்ன என்று கேட்டேன். வாசலில் நின்ற பலா மரத்தைக் காட்டினார். அவர் பிறந்த வருஷம் அவர் அப்பா நட்டதாம். ஜாதகமோ பள்ளிக்கூடச் சான்றிதழோ இல்லாமல் ஆபீசில் நம்ப மாட்டார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஊர்த்தலைவரான கவுண்டரிடம் எழுதி வாங்கி ஒப்பேற்றினேன். சடையனுக்கு அதில் திருப்தியே இல்லை.

"காயிதத்துல யாரு வேணா எழுதலாமுங்க. சந்தேகம்னா ஆபீசரையே வந்து மரத்தைப் பாத்துக்கச் சொல்லுங்க."

எந்த பாலிசி?

என்னிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்றில், இருபது வருஷம் கட்டினால் உயிரோடு இருக்கும்போதே பணம் கைக்கு வரும். இன்னொன்றில், ஆள் போன பிறகுதான் வரும். ஆனால் அதே பிரீமியத்துக்குத் தொகை பெரியது. நான் எப்போதும் முதலாவதைத்தான் ஆட்கள் தலையில் கட்டுவேன். சாவைப் பற்றி அதிகம் பேசாமல் தப்பிக்கலாம். சடையனும் தலையாட்டிவிட்டார். பேனாவைத் திறந்தேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த இருசாயி முறத்தைக் கீழே வைத்தார்.

"இவரு இருந்தா மண்ணைக் கிண்டியாச்சும் சோறு போட்டுருவாருங்க. இல்லாம போனா என்ன பண்றதுன்னுதானுங்களே இந்தப் பேச்சு? பெருசா வர்றதையே எழுதுங்க."

உண்டா, இல்லையா?

படுக்கையில் விழும்படி நோய் ஏதாவது வந்ததுண்டா என்று விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி. சடையன் முந்தின வருஷம்தான், மலையில் யாரையும் விடாத குளிர்காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறார். அதை எழுதினால் ஆபீஸ் கடிதம் போடும், டாக்டர் சீட்டு கேட்கும், ஒவ்வொன்றுக்கும் நான் மலையேற வேண்டும். எனக்கு உடம்பும் மனசும் அலுத்துக் கிடந்தது. "இல்லைன்னே எழுதிடுவோம், எல்லாரும் அப்படித்தான்" என்றேன். மற்ற ஊர்களில் அப்படித்தான் எழுதிக்கொண்டும் இருந்தேன். சடையன் ஒப்பவேயில்லை. அவர் சொன்னபடியே எழுதி, அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே இன்னும் மூன்று முறை ஏறி இறங்கினேன். பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டி, ஒருவழியாக பாலிசி கொடுத்தார்கள்.

"கொல்லிமலைக்காரனுக்குக் காய்ச்சலே வந்ததில்லைன்னா எவனுங்க நம்புவான்? வந்ததை வந்துச்சுன்னே எழுதுங்க" என்பதுதான் அவர் சொன்னது.

விசாரணை

அடுத்த மழைக்காலத்தில் சடையன் போய்விட்டார். அதே காய்ச்சல். பாலிசி எடுத்துச் சீக்கிரமே ஆள் இறந்தால் ஆபீஸ் சும்மா விடாது. விசாரிக்க வந்த ஆபீசரை நான்தான் அழைத்துப் போனேன். அக்கம்பக்கத்தில் கேட்டார். "முன்னாடியே ரெண்டு மாசம் காய்ச்சல்ல கெடந்தாருங்களே" என்று எல்லோரும் ஒளிக்காமல் சொன்னார்கள். ஆபீசர் பையைத் திறந்து பாரத்தைப் புரட்டினார். 'உண்டு' என்று என் கையெழுத்தில் இருந்தது. "மறைச்சிருந்தா ஒரு பைசா கிடைச்சிருக்காது" என்று சொல்லி மூடினார். பணம் வரும் என்று ஆகிவிட்டது.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. 'இல்லை' என்று நான் எழுதிக்கொடுத்த மற்றவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. வெட்கமாக இருந்தது. ஆபீசர் முன்னால் இறங்கிப் போனதும், இருசாயி என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க காய்ச்சல் இல்லைன்னு எழுதலாம்னு சொன்னது ஞாபகம் இருக்குதுங்க. ஆபீசருகிட்ட சொல்லலீங்க. மத்தவங்களுக்காச்சும் சரியா எழுதிக் குடுங்க."

அதற்குப் பிறகு யாராவது பாலிசி பற்றி என்னிடம் விளக்கம் கேட்டால், இருசாயி அன்றைக்குக் கேட்ட கேள்வியையும் காய்ச்சலைப் பற்றிச் சடையன் சொன்ன பதிலையும் சொல்லிவிட்டு, என் சொந்தச் சரக்காக முழங்கால் வலியை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.