சாய்கோடும் முட்டையும்

நேற்றுக் காலை ஒரு தம்ளர் தேநீரை அப்படியே ஆறவிட்டேன். எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி. வீடே இடிந்து விழுந்தாலும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆறவிட்டதற்குக் காரணம் திரையில் நான் படித்த நான்கு வரிகள்.

நான் வயிறு வளர்ப்பது கணினிக்கு புரோகிராம் எழுதி. புரோகிராம் எழுதும் மொழிகளில் வருடா வருடம் புதிதாக எதையாவது சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். இன்ன வசதியைச் சேர்க்கலாமே என்று யார் வேண்டுமானாலும் ஒரு பொதுப் பக்கத்தில் முன்மொழியலாம். எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் அதன் கீழே வந்து கூடி, ஆமாம் இல்லை என்று மல்லுக்கட்டுவார்கள். சிலர் காலையில் ராசிபலன் பார்ப்பார்கள், நான் இதைப் பார்ப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

நேற்று ஒருவர் முன்மொழிந்திருந்தது இதுதான். எண் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தால், மொழியே அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளட்டும். காலியா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் சோதிக்கிற தொல்லை மிச்சம். அதன் கீழே நூற்றுக்கணக்கில் கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன. அருமை என்றார் ஒருவர். எப்போதோ வந்திருக்கவேண்டியது என்றார் இன்னொருவர். நான் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

காலி இடம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது பச்சைக்கோடு போட்ட கணினித் தாள். இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும், கிழித்தால் நீளமாக நாடா மாதிரி வரும். கர்ரக் கர்ரக் என்று பிரிண்டர் அதை இழுக்கும்போது ரிப்பன் மையின் வாசனை அறை முழுக்கப் பரவும். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் கவிழ்ந்துவிடும் என்று உலகம் பயந்து, ஒன்றும் ஆகாமல், அந்தப் பேச்சு அடங்கிய சமயம். திருவொற்றியூர் ஹைரோட்டில் வெல்டிங் ராடு விற்கும் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர், மூன்று பேர். முதலாளியை சார் என்போம். மற்ற இருவர் நானும் ஸ்டெல்லாவும்.

ஸ்டெல்லா ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் இருந்து இறங்குவதையும் ஏறுவதையும் சரிபார்த்துக் குறிக்கிற வேலை அது. எங்கள் மூவரில் உண்மையிலேயே யோசிக்கத் தெரிந்தவள் அவள்தான். ஆனால் ஆபீசில் கெட்டிக்காரன் என்ற பட்டம் எனக்கு. ஏனென்றால் நான் வேகமாக எழுதுவேன், அதைவிட வேகமாகப் பேசுவேன். வாரம் தவறாமல் சனிக்கிழமை எல்லா புரோகிராமையும் ஃபிளாப்பியில் நகலெடுத்து, லேபிளில் தேதி எழுதிப் பெட்டியில் அடுக்குவது ஸ்டெல்லாவின் வேலை. அந்த வேலையை நான் மதித்ததே கிடையாது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு டேங்க் யார்டு இருந்தது. எண்ணெயும் ரசாயனமும் தேக்கிவைக்கிற பெரிய இரும்புத் தொட்டிகள். காலியானதும் உள்ளே ஆள் இறங்கிக் கழுவவேண்டும். இறங்குவதற்கு முன்னால் சூப்பர்வைசர் ஒரு கைமிஷினை உள்ளே விட்டு, விஷவாயு எவ்வளவு என்று பார்த்துத் தாளில் குறிப்பார். அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தினமும் காலையில் இறங்குகிறவர்கள் பார்க்கும்படி பட்டியலாக அச்சடித்துத் தர ஒரு புரோகிராம் வேண்டும் என்று கான்ட்ராக்டர் கேட்டார். அதை எழுதியவன் நான்.

யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. துறைமுகத்து டாலி ஆட்களிடமிருந்து வந்தது என்று ஸ்டெல்லா சொல்வாள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார்கள். எண் இருந்தால் எண். பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றால் முட்டை. இன்னும் பார்க்கவே இல்லை என்றால் ஒரு சாய்கோடு. எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். முட்டை என்றால் ஒருவன் தன் கண்ணால் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம்.

என் புரோகிராமுக்குச் சாய்கோடு தெரியாது. எண் கேட்கிற இடத்தில் கோடு போட்டால் கீ என்று கத்தும். யார்டில் டைப் அடிப்பவர் இரண்டு நாள் அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு, கோடு வந்தால் வெறுமனே எண்டரைத் தட்டிவிட்டுப் போகப் பழகிவிட்டார். காலி இடம் வந்தால் என் அச்சுப் பட்டியல் பாதியில் நின்றுபோகும். சார் முகம் சுளித்தார். நான் பொதுவான ஓர் இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எந்தக் கட்டமாக இருந்தாலும் சரி, காலியென்றால் பூஜ்ஜியம். பட்டியல் ஓட்டையே இல்லாமல் வரிசையாக வந்து விழுந்தது. அன்றைக்கு நான் எனக்கே ஒரு லஸ்ஸி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்த யார்டில் முதல் ஆளாக இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குபவர் லூர்து. ஸ்டெல்லாவின் அண்ணன். வடசென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் ஆடுவார்கள், அவர்களுக்குள்ளேயே லூர்து அண்ணன் பெரிய கை. ஸ்டிரைக்கரை அவர் சுண்டுவதைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரத்துக்குச் சைக்கிளில் போவேன். ஒரு தடவை காயை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"இன்னா மாமு, எங்க சூப்பர்வைசர் போட்ற முட்ட கோணலா கெடக்கும். உன் மிசினு போட்ற முட்ட சொம்மா குண்டு குண்டா ஜோரா கீதுபா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாக்கியத்தை இரண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு காலை, எட்டரை மணி இருக்கும், ஆபீஸ் போன் அடித்தது. ஸ்டெல்லா எடுத்தாள். ம், ம் என்று இரண்டு முறை சொன்னாள். ரிசீவரை வைக்காமல் மேசைமேல் கிடத்திவிட்டு எழுந்தாள். "அண்ணன் டேங்குக்குள்ள வுழுந்துட்டானாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். செருப்பு மேசைக்கடியிலேயே கிடந்தது. ரிசீவருக்குள்ளிருந்து யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அன்று மதியம் சாரும் நானும் யார்டுக்குப் போனோம். கான்ட்ராக்டரின் மேசைமேல் இரண்டு தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. சூப்பர்வைசர் கையால் எழுதிய தாளில் ஏழாம் நம்பர் டேங்க், வாயுக் கட்டத்தில் ஒரு சாய்கோடு. என் பட்டியலில் அதே டேங்க், அதே கட்டம், குண்டாக ஒரு முட்டை.

"மிசினு பேட்டரி பூட்ச்சு சார், அதான் கோடு போட்டேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருந்தார். "கோடு போட்டா எவனும் எறங்க மாட்டான் சார். பத்து வருசமா இதான் வழக்கம்."

கான்ட்ராக்டர் என் பட்டியலைத் தட்டிக் காட்டினார். "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாய்யா? நீ பாக்காம முட்டைனு சொல்லிட்டு, இப்ப வந்து கோடு போட்டுகினு கீற."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் வாய் திறக்கவில்லை. இத்தனை வருடமாகியும் அந்த மௌனத்துக்கு எனக்கு நல்ல சாக்கு ஒன்று கிடைக்கவில்லை. சூப்பர்வைசருக்கு அன்றைக்கே வேலை போயிற்று. நான் ஆபீசுக்குத் திரும்பி, ஐந்து மணிக்குள் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, காலியென்றால் கோடு அச்சாகும்படி மாற்றினேன். பிறகு கைகழுவப் போய், வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கயிறு இருந்ததால் லூர்து அண்ணனை மேலே இழுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் பழைய ஆள் இல்லை. கால் பின்னியது, கை நடுங்கியது, பேச்சு அங்கங்கே அறுந்து போனது. ஞாயிறுகளில் நான் தொடர்ந்து போனேன். போர்டை எடுத்துப் போட்டு ஆடுவோம். ஸ்டிரைக்கர் அவர் விரலிலிருந்து நழுவி ஓரத்தில் போய் நிற்கும். அதை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைப்பேன். ஒவ்வொரு ஞாயிறும், புதிதாகச் சொல்வதுபோல அதையே சொல்வார்.

"நான் பாத்துட்டுதான் எறங்குனேன் மாமு. முட்ட போட்டுகீது. பாத்துட்டுதான் எறங்குனேன்."

ஆமாண்ணா என்பேன். உள்ளே ஸ்டெல்லா காபி கலக்கிக்கொண்டிருப்பாள், அந்தக் கரண்டிச் சத்தம் ஒரு கணம் நிற்கும்.

சில மாதம் கழித்து அவள் ஒரு காரியம் செய்தாள். நாங்கள் எழுதிக்கொண்டிருந்த மொழியை உருவாக்குகிறவர்கள் ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். அதற்கு மடல் போட்டால் உலகம் முழுக்கப் போகும். தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னால் பிரவுசிங் சென்டர் இருந்தது, மரத்தடுப்பு வைத்து நான்கு மிஷின். நாலைந்து நாள் மாலையில் அங்கே உட்கார்ந்து, அகராதி பார்த்துப் பார்த்து, ஆங்கிலத்தில் நீளமாக ஒன்றை எழுதினாள். மொழிக்கே ஒரு புது வசதி வேண்டும் என்றாள். பார்க்கவில்லை என்பதற்குத் தனியாக ஒரு குறி. அது எண்ணோடு கலக்கக் கூடாது. காலியாக வரக்கூடிய ஒவ்வொரு இடத்திலும், இங்கே என்ன செய்யட்டும் என்று மொழியே நிறுத்திக் கேட்கவேண்டும், பதில் எழுதாவிட்டால் புரோகிராம் ஓடவே கூடாது. பொதுவாக ஒரு வரி போட்டு எல்லாவற்றையும் மூடிவிட முடியாதபடி.

அனுப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "படிச்சிப் பாருப்பா" என்றாள். முதல் பத்தியில் டேங்க் என்ற சொல்லைப் பார்த்தேன். அதற்குமேல் கண் போகவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சைக்கிளுக்குக் காற்று இறங்கிவிட்டதாக ஏதோ உளறிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது நானே கேட்டேன். "இன்னா சொல்றாங்க?"

"நல்ல புரோகிராமர்னா அவனே செக் பண்ணிக்குவானாம். அதுக்குப் போயி மொழிய மாத்துவாங்களான்னு கேக்கறாங்க." சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்த வஞ்சிரத் துண்டில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். தினமும் வைப்பதுதான். நானும் தின்றேன்.

அப்புறம் ஆபீஸை மூடினார்கள். ஸ்டெல்லா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் போன் செய்வாள், எடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டது நான்தான். அவள் கேட்டது பின்னாளில் ஒவ்வொரு மொழியாக வந்தது. வரும்போதெல்லாம் கண்டுபிடித்தவர்கள் என்று யார் யாரையோ பாராட்டினார்கள், நான் ஓரமாக நின்று பார்த்தேன். லூர்து அண்ணன் இறந்தது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நேற்று, அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்த படபடப்பில், பழைய மின்னஞ்சல் குழுவின் மடல்களை எங்காவது சேமித்து வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். வைத்திருந்தார்கள். அவள் பெயரைத் தட்டியதும் வந்துவிட்டது. இருபது வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்த மடலைக் கடைசிவரை படித்தேன்.

நடுவில், இப்படித்தான் தவறு நடக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக் கொடுத்திருந்தாள். அது என் வரி. நான் வைத்த பெயர்கள், நான் விட்ட இடைவெளி, எல்லாம் அப்படியே. அன்று மாலை நான் அழித்த வரி. சனிக்கிழமை ஃபிளாப்பியை நான் மறந்தே போயிருந்தேன். அவள் மறக்கவில்லை. அதன் கீழே அவள் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"இந்த வரியை எழுதியவர் நல்ல புரோகிராமர். எங்கள் ஆபீசில் அவர்தான் கெட்டிக்காரர். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறுதோறும் என் அண்ணனைப் பார்க்க வருகிறார். மோசமான ஆள் செய்த தவறாக இருந்தால் ஆளை மாற்றச் சொல்லியிருப்பேன், உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். நல்ல ஆள் செய்தது. அதனால்தான் மொழியை மாற்றச் சொல்கிறேன்."

முழுவதும் தெரிந்துகொண்டுதான் என்னைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். நான் படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மீன் துண்டை வைத்திருக்கிறாள்.

மடலின் அடியில் இருந்த அவளுடைய மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று உடனே திரும்பி வந்தது. அந்த முகவரியைக் கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை. டேங்க் யார்டு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. வெல்டிங் ராடு கடைக்கு மேலே செல்போன் பழுது பார்க்கிறார்கள். அவளுடைய பழைய எண்ணைச் சுழற்றினால் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண் குரல். வேலை போன அந்த சூப்பர்வைசரின் பெயரைக் கேட்டுவைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் அந்த முன்மொழிவின் பக்கத்தைத் திறந்து, கட்டைவிரல்களுக்குக் கீழே ஸ்டெல்லாவின் மடலை முழுவதுமாக ஒட்டினேன். அதன்பின் என் பெயரில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வரி எழுதினேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.