நிக்கிற பஸ்ஸ நிறுத்தச் சொன்ன பிசிக்ஸ் மேடம்

இன்னைக்கு பாண்டி பஸ் ஸ்டாண்டுல மானம் கப்பலேறிடுச்சு!

விஷயம் இதான். குழந்தை பொறந்ததுல இருந்து நாலு வருஷமா வேலைக்குப் போகல. எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சிருந்தும், இந்த கேப்பைப் பாத்தே போன எடமெல்லாம் கதவ சாத்திட்டாங்க. இன்னைக்கு ஒரு காலேஜ்ல டெமோ கிளாஸ். இதுவும் போச்சுன்னா அப்ளை பண்றதையே விட்டுடலாம்னு இருந்தேன்.

குடுத்த டாபிக்: ரிலேட்டிவிட்டி. (நல்லா இருங்கய்யா!)

பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து நோட்ஸ் பொரட்டிட்டு இருக்கேன். தொணைக்கு வந்த வீட்டுக்காரர் தண்ணி வாங்க எறங்கினாரு.

நம்ம ஸ்டாண்டுல பஸ்ஸெல்லாம் மூஞ்சிய உள்ள வுட்டு நிக்கும், ரிவர்ஸ்லதான் கெளம்பும், தெரியும்ல?

நிமுந்தா, பக்கத்து பஸ்ஸோட ஜன்னலெல்லாம் முன்னாடி போவுது. அய்யய்யோ, நாம பின்னாடி போறோம்!

"அண்ணே! நிறுத்துங்கண்ணே! எங்க வீட்டுக்காரர் கீழ நிக்கிறாரு!"

கண்டக்டர் என்னை ஏற எறங்கப் பாத்தாரு.

"எம்மா, டிரைவரே இன்னும் ஏறலம்மா! பக்கத்து வண்டி உள்ள வருது!"

மொத்த பஸ்ஸும் கொல்லுன்னு சிரிச்சுது.

பாட்டிலோட ஏறின வீட்டுக்காரருக்கும் விஷயம் போயிடுச்சு. "நீ ரிலேட்டிவிட்டி எடுத்த மாதிரிதான்!"

கிளாஸ்ல ஃபார்முலாவா எழுதித் தள்ளறேன். பசங்க கொட்டாவி வுடறாங்க. கடைசி பெஞ்சுல எச்.ஓ.டி. சார்.

போனது போகட்டும்னு பஸ் கதைய எடுத்து வுட்டேன். கிளாஸே சிரிப்புல அதிர்ந்துச்சு!

ஒரு பொண்ணு கேட்டுச்சு: "மேம், ஒரு பஸ் குலுங்காம, வேகம் மாறாம இன்னொண்ணைத் தாண்டிப் போனா, எது நிக்குது எது போவுதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?"

"முடியாதும்மா. 'நான் நிக்கிறேன், நீதான் போற'ன்னு ரெண்டு பேருமே சொல்லலாம். ரெண்டுமே சரி!"

அப்படியே டைம் டைலேஷனுக்குத் தாவிட்டேன். பஸ் தரைக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு வெளிச்சம் ஏறி எறங்குது, அதான் கடிகாரம்னு வெச்சுக்குங்க. உள்ள இருக்கறவங்களுக்கு அது நேரா போவுது. எதிர் பஸ்ல இருந்து பாக்கறவங்களுக்கு சாய்ஞ்சு போவுது, தூரம் ஜாஸ்தி. ஆனா வெளிச்சத்தோட வேகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்போ அவங்க கணக்குல நம்ம கடிகாரம் ஸ்லோ!

"நமக்கு?"ன்னு அந்தப் பொண்ணே கேட்டுச்சு.

"நமக்கு அவங்க கடிகாரம் ஸ்லோ!"

(கொட்டாவி வுட்ட பையன் வாய மூடவே இல்ல. இது வேற காரணம்!)

முடிச்சதும் எச்.ஓ.டி. சார் கூப்பிட்டாரு. "கிளாஸ் நல்லாருந்துதும்மா. ஆனா நாலு வருஷம் சும்மா இருந்துட்டீங்களே?"

எங்கேருந்துதான் தைரியம் வந்துச்சோ!

"சார், நீங்க இருக்கற எடத்துல இருந்து பாத்தா நான் நின்ன மாதிரிதான் தெரியும். சோத்துக் கிண்ணத்தோட ஒரு வாண்டு பின்னாடி நாலு வருஷமா ஓடிட்டு இருக்கேன் சார்."

சார் சிரிச்சுட்டாரு.

"திங்கக்கிழமை வந்து ஜாயின் பண்ணிடுங்க."

வெளிய வந்து அழுதுட்டேன்பா. அவ்ளோ சந்தோஷம்!

இனிமே வாண்டு பின்னாடி ஓடற டியூட்டி வீட்டுக்காரருக்கு. மனுஷனுக்கு நல்ல ஷூ ஒண்ணு வாங்கணும், பாண்டில எந்தக் கடை பெஸ்ட்டு, சொல்லுங்க மக்களே?