ஜொகூர் பாலத்தில் ஒரு தள்ளுவண்டி

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளி விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை அது. திருச்சியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகளுக்கு மறுநாள் காலை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பதோ ஒரே மாமன், மலேசியாவில், ஜொகூர் பாருவின் தெப்ராவ் பக்கம் குடியிருக்கும் நான்.

இரண்டு நாள் முன்னதாகவே வரச் சொன்னாள் தங்கை. நான்தான் கேட்கவில்லை. "சிங்கப்பூர்லேர்ந்து திருச்சி மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்ல. நாலே மணி நேரம். மதியச் சாப்பாடு இங்க, ராத்திரி சாப்பாடு அங்க" என்று அளந்துவிட்டேன். தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். வண்டிகளுக்கு நடுவே நெளிந்து, இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தைக் கடந்தே பழக்கம். பெட்டியோடு பஸ்ஸில் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

குடிநுழைவுச் சோதனை முடிந்து கீழே இறங்கினால், பஸ்ஸுக்கு நிற்கும் வரிசைக்கு முடிவே தெரியவில்லை. பாலத்தில் ஒரு பஸ்கூட அசையவில்லை. அந்த ஒரு கிலோமீட்டரை ஜனங்கள் நடந்தே கடந்தார்கள். நானும் நடந்தேன். பாதிப் பாலத்தில் பெட்டியின் சக்கரம் கழன்று கடலில் விழுந்தது. உள்ளே பட்டுப் பாவாடை, வெள்ளித் தட்டு, தங்கை ஆசையாய்க் கேட்ட பிஸ்கட் டின்கள் எல்லாம் இருந்தன. தூக்கினால் நாலடிக்கு மேல் போக முடியவில்லை. இந்த விமானத்தை விட்டால் காதுகுத்துக்கு நான் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் ஒரு தம்பதி, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "என்னண்ணே, எங்க போறீங்க?" என்றார் கணவர். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"அலமாக்! மாமன் இல்லாம எப்படிங்க காது குத்துவாங்க?" என்று பதறினார் மனைவி. அடுத்த நிமிஷம் குழந்தை அப்பாவின் தோளில் இருந்தது. "பெட்டிய இதுல வைங்க லா, நாங்களும் அந்தப் பக்கம்தான்" என்றார் கணவர்.

தள்ளுவண்டியில் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. தோளில் இருந்த சின்ன மகாராணிக்குத்தான் பொறுக்கவில்லை. "என் வண்டி! என் வண்டி!" என்று பாலம் முழுக்கக் கத்தினாள். பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் சமாதானமானாள். அக்கரையில் என்னை டாக்ஸியில் ஏற்றிவிட்டே போனார்கள். பதற்றத்தில் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் கடைசி ஆளாகப் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஓடி ஏறினேன். மறுநாள் காலை என் மடியில் உட்கார்ந்து மருமகள் வீடே அதிர வீறிட்டாள். தங்கையோ, "அண்ணே, பிஸ்கட் டின்னு ஒண்ணு குறையுதே?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போதும் யாராவது திருச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், நாலு மணி நேரம் என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. என் மருமகள் என் மடியில் உட்கார வேண்டும் என்பதற்காக, பெயர் தெரியாத ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே தன் இடத்தை விட்டுக் கொடுத்தாளே, அவளைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.